6பிடி கம்மின்ஸ் ஹெட்டை வீட்டு ஷெட்டில் பிரித்துக் கட்டுவது

ரேடியேட்டரில் குமிழி வந்தாலே ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டி, அன்றைக்கே ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் பாளத்தை, இறக்கிவிடுகிறார்கள். டாடா 1613, 2515 மாதிரி லாரிகளில் வந்த 6பிடி 5.9 கம்மின்ஸில் இந்த அவசரம் வேண்டாம். குமிழி வரவும் தண்ணீரில் ஆயில் கலக்கவும் ஹெட்டைத் தவிர வேறு காரணங்களும் உண்டு.

முதலில் எந்த இன்ஜின் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஆறு சிலிண்டர், 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி டேப்பெட் கவர், 12 வால்வு, ஒரே துண்டாக வார்த்த இரும்பு ஹெட். ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸ் ஆலையில் வந்தது. அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் ஓடியதும் இதே குடும்பம்தான். இங்கே தரும் அளவுகள் இந்த 12 வால்வு ஹெட்டுக்கு மட்டுமே. 24 வால்வு இன்ஜினுக்கும், டாடாவின் 497, 697 இன்ஜின்களுக்கும் இவற்றைப் போடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன்னால்

ஏர் பிரேக் கம்ப்ரஸரின் ஹெட் தண்ணீரால் குளிர்கிறது என்றால், அதன் சின்ன கேஸ்கட் போனாலும் காற்று நேராகத் தண்ணீருக்குள் ஏறும். ரேடியேட்டர் வாயில் பார்த்தால் அசல் ஹெட் கேஸ்கட் போனது போலவே தெரியும். ஏர் டேங்க் நிறைந்து கம்ப்ரஸர் கட் ஆகும்வரை இன்ஜினை ஓட விடுங்கள். கட் ஆனதும் குமிழி நின்றால் கம்ப்ரஸரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால், கம்ப்ரஸருக்குப் போகும் தண்ணீர் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டுச் சில நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

தண்ணீர் மேல் ஆயில் மிதந்தால் அடுத்த சந்தேகம் ஆயில் கூலர். ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரைவிட அதிகம் என்பதால், கூலர் ஓட்டையானால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். இன்ஜின் நின்ற பிறகு ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் பிரஷரால் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்குவதும் உண்டு. ஃபில்டர் பக்கம் இருக்கும் கூலரைக் கழற்றி, தண்ணீர் டப்பில் அமிழ்த்திக் காற்று விட்டுப் பார்க்க அரை நாள் ஆகும். ஹெட்டை இறக்கி ஏற்றும் வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இந்த இரண்டும் நல்ல நிலையில் இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் தண்ணீர் சூடாகும் முன்பே ரேடியேட்டர் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், அல்லது வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்தால், ஹெட்டுக்குப் போகலாம்.

எது வீட்டில், எது பட்டறையில்

பிரிப்பது, சுத்தம் செய்வது, அளப்பது, வால்வு லேப்பிங் (வால்வைப் பேஸ்ட் தடவி அதன் சீட்டில் தேய்த்துப் பொருத்துவது), திரும்பக் கட்டுவது, டேப்பெட் வைப்பது (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி வைப்பது) இவையெல்லாம் வீட்டிலேயே முடியும். ஃபேசிங் (ஹெட்டின் அடிமுகத்தை மிஷினில் சமன் செய்வது), சீட் (வால்வு உட்காரும் இடம்) வெட்டுதல், புது சீட் வளையம் இறக்குதல், கைடு (வால்வுத் தண்டு ஓடும் துளை) வேலை, பிரஷர் டெஸ்ட் இவை பட்டறை வேலை. எமரி ஷீட்டைக் கண்ணாடி மேல் ஒட்டி, ஹெட்டை அதில் தேய்த்துச் சமன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மொபெட் ஹெட்டுக்கு அது சரி. இங்கே 50 கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்புப் பாளத்தைக் கையால் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும், நடு மேடாகும்.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அளவோடு போனால் 'எல்லாத்தையும் மாத்திடலாம்' என்ற பேச்சு குறையும்.

சாமான்களைப் பொறுத்தவரை, 150 நியூட்டன் மீட்டராவது காட்டும் டார்க் ரெஞ்ச், 18 மி.மீ. சாக்கெட், இன்ஜெக்டருக்கு 24 மி.மீ. ஆழமான சாக்கெட், ஃபீலர் கேஜ், ஆழம் அளக்கும் கம்பியுள்ள வெர்னியர், 0 முதல் 25 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர், ஹெட்டின் நீளத்துக்கு ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (வளைவு பார்க்கும் நேரான பட்டை), வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர், லேப்பிங் குச்சி, கொரகொரப்பும் நைசுமாக இரண்டு வகை லேப்பிங் பேஸ்ட் வேண்டும். மைக்ரோமீட்டரும் ஸ்ட்ரெய்ட் எட்ஜும் இரவல் கிடைத்தால் போதும். டார்க் ரெஞ்ச் மட்டும் சொந்தமாக, நம்பகமானதாக இருக்க வேண்டும்.

இறக்குவது

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணீரை முழுதும் வடித்துவிடுங்கள். டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டீசல் பைப்புகள், ரிட்டர்ன் லைன் எல்லாம் வந்தபின், டீசல் பம்பின் வாய்களையும் டர்போ ஆயில் வாயையும் உடனே மூடியால் அடைத்துவிடுங்கள். துணி திணிக்க வேண்டாம், நூல் பிரிந்து உள்ளே போகும்.

இந்த ஹெட்டில் ஆளைப் பாடாய்ப் படுத்துவது இன்ஜெக்டர்தான். பிடித்திருக்கும் நட் துருவேறி இன்ஜெக்டர் உடம்போடு ஒட்டியிருக்கும். நட்டைத் திருப்பினால் உடம்பும் சேர்ந்து திரும்பும். அதைச் சரியான இடத்தில் நிறுத்தும் சின்னப் பந்து, ஹெட்டில் உள்ள காடியைக் கடித்துவிடும். அதனால் முந்தைய இரவே துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஊற விடுங்கள். காலையில் பித்தளைக் கம்பியை வைத்து இன்ஜெக்டர் தலையில் நாலு தட்டு, மறுபடி கொஞ்சம் ஆயில். பிறகு ஒரு ஸ்பேனரால் உடம்பைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். வெளியே வந்ததும் டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். தாமிர வாஷர் இன்ஜெக்டரோடு வரவில்லை என்றால் உள்ளேயே தங்கியிருக்கிறது. கம்பியை வளைத்து எடுத்துவிட வேண்டும். அதன் மேலேயே புது வாஷரை வைத்துப் பூட்டினால் இரண்டு வாஷர் கனத்துக்கு நாசில் மேலே ஏறி நிற்கும். ஹெட் வேலை முடிந்தும் வண்டி கருப்பாகப் புகைக்கிறது, ஓட்டம் சரியில்லை என்று பம்பை மாற்றும் பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இந்த ஒரு வாஷரால்.

டேப்பெட் கவர்களை எடுத்துவிட்டு, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ராக்கர் தாங்கியிலும் ஒரு 8 மி.மீ. போல்ட்டும் ஒரு 12 மி.மீ. போல்ட்டும் இருக்கும். அந்த 12 மி.மீ. போல்ட் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பது. ஆக, ஹெட் போல்ட் மொத்தம் 26. ராக்கர் வழியாகப் போகும் ஆறும் அதில் அடக்கம். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை விட்டால் ஹெட் முறுக்கிக்கொள்ளும்.

ராக்கர்களைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடுகளை மெதுவாகத் திருகி இழுத்து எடுங்கள். அட்டைப் பெட்டியில் 12 ஓட்டை போட்டு, 1இன் (இன்லெட்), 1எக்ஸ் (எக்ஸாஸ்ட்) என்று எழுதி அதில் செருகி வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒவ்வொன்றும் தன் டேப்பெட்டோடும் ராக்கரோடும் தேய்ந்து பழகியது. மாற்றிப் போட்டால் மறுபடி புதிதாகத் தேயும்.

ஹெட்டின் எடை ஏறக்குறைய 51 கிலோ. செயின் பிளாக் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள், விடும். இன்ஜெக்டர் மாட்டிய நிலையிலேயே இறக்கியிருந்தால் அடிப்பக்கத்தைத் தரையில் வைக்காதீர்கள். வெளியே நீட்டியிருக்கும் நாசில் முனைகள்தான் முதலில் தரையைத் தொடும். இரண்டு மரக்கட்டைகள் மேல் வையுங்கள்.

பழைய கேஸ்கட்டைப் படிப்பது

கேஸ்கட்டை எறிவதற்கு முன் ஐந்து நிமிடம் வெயிலில் வைத்துப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் தாண்டிக் கருப்புக் கோடு ஒன்று தண்ணீர்த் துளைவரை போயிருந்தால் அங்கேதான் கசிந்திருக்கிறது. அதே இடத்தை ஹெட்டிலும் பிளாக்கிலும் சாக்பீஸால் குறியுங்கள். பின்னால் ஃபீலர் கேஜ் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இரண்டு சிலிண்டருக்கு நடுவிலுள்ள பாலம் எரிந்திருந்தால் ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர்த் துளைகளைச் சுற்றி மட்டும் அரித்திருந்தால் கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர்வெல் தண்ணீரிலேயே பல வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஹெட்டின் தண்ணீர்ப் பாதைகளில் உப்புப் படிந்து, எக்ஸாஸ்ட் சீட்டைச் சுற்றி வெப்பம் இறங்காமல் விரிசல் விடும். பிரஷர் டெஸ்டை அந்த ஹெட்டுக்குத் தவிர்க்கவே கூடாது.

எங்கும் ஒரு தடயமும் இல்லையென்றால், தண்ணீர் போனது கேஸ்கட் வழியாக அல்ல, ஹெட்டில் விழுந்த விரிசல் வழியாக என்றே சந்தேகிக்க வேண்டும்.

சுத்தமும் அளவும்

வால்வுகளைக் கழற்றும்போதும் அதே அட்டைப்பெட்டி ஒழுங்கு. கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அழுத்தும் முன், வால்வு லாக் ஒட்டியிருந்தால் மேல் தட்டில் சாக்கெட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். வால்வுத் தண்டின் முனை அடிபட்டு விரிந்திருந்தால் அதை அப்படியே கைடு வழியாக உருவாதீர்கள், கைடு கீறிவிடும். நைஸ் அரத்தால் முனையின் விளிம்பைச் சீவிவிட்டு எடுங்கள்.

கரியைப் பித்தளை பிரஷ், மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட் கொண்டு எடுங்கள். ஹெட் அடிப்பக்கத்தில் மிஷினில் மாட்டும் எமரி டிஸ்க் வேண்டாம். அது இரண்டு நொடியில் பள்ளம் போடும். பிளாக் மேல் அதைவிட மோசம், டிஸ்க்கிலிருந்து உதிரும் தூள் அடியிலுள்ள ஆயில் சம்ப்பில் இறங்கிப் பேரிங்கைத் தின்றுவிடும். பிளாக்கில் பிளேடும் பொறுமையும் போதும். பிஸ்டன்கள் மேல் துணி, போரைச் சுற்றி கிரீஸ் தடவிவிட்டுச் சுரண்டினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது ஸ்ட்ரெய்ட் எட்ஜ். நீளவாட்டில் இரண்டு ஓரம், நடு, இரண்டு மூலைவிட்டம், பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் நடுவே குறுக்காக வையுங்கள். நீளவாட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 0.30 மி.மீ., குறுக்காக 0.075 மி.மீ. இவைதான் எல்லை. ஆனால் நீளத்தில் 0.30 விடுகிறார்களே என்று ஒரே இடத்தில் பள்ளம் இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. எந்த 50 மி.மீ. வட்டத்தை எடுத்தாலும் 0.010 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்பதுதான் கேஸ்கட்டைக் காப்பாற்றும் விதி. இதை ஃபீலரால் அளக்க முடியாது. நகத்தால் வருடிப் பார்த்து, நகம் சிக்கினால் ஃபேசிங் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் மேல் முகத்தையும் இதே மாதிரி பாருங்கள். ஹெட்டை ஃபேசிங் செய்துவிட்டு வளைந்த பிளாக் மேல் வைத்தால் செலவுதான் மிச்சம்.

வால்வுத் தண்டு 7.94 முதல் 7.98 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளங்கள். கைடுத் துளை 8.019 முதல் 8.089 வரை. துளை அளக்கும் கேஜ் இல்லையென்றால் இந்த அளவைப் பட்டறையில் எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஹெட்டில் கைடு தனித் துண்டாக வருவதில்லை, ஹெட் இரும்பிலேயே துளைத்தது. தேய்ந்திருந்தால் துளையைப் பெரிதாக்கிப் புது கைடு இறக்குவார்கள். வால்வின் தலை விளிம்பு 0.79 மி.மீ.க்குக் கீழே மெலிந்திருந்தால் அந்த வால்வு குப்பைக்கு. கத்தி மாதிரி மெலிந்த விளிம்பு சிவக்கச் சூடேறி ஒருநாள் துண்டாகும்.

ஸ்பிரிங்கின் தளர்ந்த நீளம் ஏறக்குறைய 60 மி.மீ. மட்டமான தட்டில் மூலைமட்டத்தின் அருகே நிறுத்திச் சுழற்றினால் மேல் முனை 1 மி.மீ.க்கு மேல் சாயக் கூடாது. ராக்கர் ஷாஃப்ட் 18.94 மி.மீ.க்குக் கீழே போனாலோ, ராக்கர் துளை 19.05க்கு மேல் விரிந்தாலோ மாற்றுங்கள். புஷ் ராடைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள், துள்ளினால் வளைந்திருக்கிறது.

கடைசியாக ஒரு முக்கியமான அளவு. வால்வைத் தன் சீட்டில் வைத்து, ஹெட் முகத்திலிருந்து வால்வு முகம் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று வெர்னியர் கம்பியால் அளங்கள். 0.99 முதல் 1.52 மி.மீ.வரை இருக்கலாம். அதிகம் இறங்கிவிட்டால் அழுத்தம் குறையும், குளிரில் ஸ்டார்ட் ஆகாது, புகையும். இறக்கம் குறைவாக இருந்தால் அது இன்னும் ஆபத்து, பிஸ்டன் வால்வைத் தொடும். ஹெட்டை ஃபேசிங் செய்யும்போது குறைவது இந்த அளவுதான். அதனால் ஃபேசிங் முடிந்த பிறகு இதை மறுபடி அளக்காமல் ஹெட்டை வாங்கி வராதீர்கள்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை

முதலில் பிரஷர் டெஸ்ட், அதன் பிறகுதான் மற்ற வேலை. விரிசல் ஹெட்டுக்கு சீட் வெட்டிக் காசு கொடுத்து என்ன பயன்? சூடான தண்ணீரில் வைத்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் வாயை மூடியிருக்கும் விரிசல் சூட்டில் திறக்கும். இன்ஜெக்டர் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவே, இரண்டு சீட்டுக்கும் நடுவே, இந்த இடங்களில்தான் பெரும்பாலும் விரியும்.

ஃபேசிங்கில் தேவையான அளவுக்கு மட்டுமே எடுக்க வேண்டும். எடுத்த அளவை ஹெட்டின் பின்மூலையில் எண்ணாகக் குத்தி வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அங்கே எண் இருந்தால் இது இரண்டாவது தடவை என்று அர்த்தம். நிறைய எடுத்திருந்தால் கனமான கேஸ்கட் போட வேண்டியிருக்கும். ஹெட் மெலிந்தால் நாசில் முனையும் அதே அளவு அதிகமாக வெளியே நீட்டும், தாமிர வாஷரின் கனத்தை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட் கோணம் இன்லெட்டில் 30 டிகிரி, எக்ஸாஸ்ட்டில் 45 டிகிரி. இரண்டையும் 45 என்று வெட்டித் தரும் கடைகள் உண்டு, அதனால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் சாக்பீஸால் ஹெட்டிலேயே எழுதிக் கொடுங்கள். சீட் அகலம் 1.5 முதல் 2 மி.மீ. தண்ணீர்ப் பாதையை அடைக்கும் தகர பிளக்குகள் பட்டறையில் இருக்கும்போதே மாறட்டும். கட்டி முடித்த பிறகு பின்பக்க பிளக் ஒழுகினால் மறுபடி எல்லாம் கழற்ற வேண்டும்.

லேப்பிங்

பட்டறையில் சீட் வெட்டிய பிறகு லேப்பிங் வெறும் சரிபார்ப்பு மாதிரி. நைஸ் பேஸ்ட் மட்டும் போதும். சீட் வெட்டாமல் லேசாகக் கறுத்திருந்தால் மட்டும் கொரகொரப்பில் தொடங்கி நைசில் முடிக்கலாம். பள்ளம் விழுந்த சீட்டை லேப்பிங்கால் சரிசெய்யப் பார்த்தால் வால்வு கீழே இறங்குமே தவிரப் பள்ளம் போகாது.

கைடுக்குள் ஒரு சொட்டு ஆயில், வால்வு முகத்தில் மூன்று இடத்தில் பொட்டு வைக்கும் அளவு பேஸ்ட். குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து முன்னும் பின்னும் கால் சுற்று மட்டும் உருட்டுங்கள். எட்டுப் பத்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் சுற்றுத் திருப்பி மறுபடி வையுங்கள். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும். பேஸ்ட் வேலையை முடித்ததும் சத்தம் மெல்ல அடங்கி வழவழப்பாகும். துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் உடையாத சாம்பல் நிற வளையம் ஒன்று, சுற்றிலும் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் பளபளவென்று இடைவெளி தெரிந்தால் அங்கே வால்வு உட்காரவில்லை. வால்வு வளைந்திருக்கலாம், கைடு தேய்ந்திருக்கலாம். இன்னும் உருட்டினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள்.

பிறகு கழுவுவது. பேஸ்ட்டின் ஒரு துகள் கைடில் தங்கினாலும் அதுவே அரமாக வேலை செய்யும். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, உடனே ஆயில் தடவிவிடுங்கள். வெள்ளைத் துணியைக் கைடு வழியாக இழுத்தால் துணி வெள்ளையாகவே வெளியே வர வேண்டும்.

தண்டுகளில் ஆயில் தடவி வால்வுகளைத் தத்தம் இடத்தில் போடுங்கள். ஆயில் சீலை இறக்கும்போது லாக் காடியில் டேப் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் சீலின் உதடு கிழியாது. ஸ்பிரிங், தட்டு, லாக் போட்டபின் வால்வுத் தலையைச் சுத்தியல் பிடியால் ஒரு தட்டு. லாக் சரியாக உட்கார்ந்ததா என்பது அப்போது தெரியும், முகத்தை விலக்கிக்கொண்டு தட்டுங்கள். அடுத்து ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். சொட்டு விழுந்தால் அந்த வால்வைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஏற்றுவது

பிளாக்கின் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய துளைக்குள் திரவம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் அதற்குப் போக இடமில்லை. டார்க் ரெஞ்ச் 'கிளிக்' சொல்லும், போல்ட்டோ ஹெட்டைப் பிடித்திருக்காது. சில சமயம் பிளாக்கே வெடிக்கும். காற்றடித்து, கம்பியில் துணி சுற்றி ஒவ்வொன்றையும் உலர்த்துங்கள்.

பழைய போல்ட்டுகளைப் புது போல்ட்டோடு பக்கத்தில் நிறுத்தி நீளம் ஒப்பிடுங்கள். நீண்டிருந்தாலோ, திருகுக்கு மேலே இடுப்பு மெலிந்திருந்தாலோ, துரு குழி தெரிந்தாலோ மாற்றுங்கள். நல்ல போல்ட்டுகளின் திருகிலும் தலையின் அடியிலும் இன்ஜின் ஆயில் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம். உராய்வு மாறினால் அதே டார்க்கில் போல்ட் வேறு அளவுக்கு இழுபடும்.

கேஸ்கட் உலர்ந்தபடியே போக வேண்டும். ஷெல்லாக், சிலிக்கான், அலுமினியம் பெயிண்ட் எதுவும் கூடாது. பிளாக்கில் நீட்டியிருக்கும் டவல் பின்களில் உட்கார்த்தி, தண்ணீர், ஆயில், புஷ் ராடு துளைகள் எல்லாம் நேராக வருகின்றனவா என்று பார்த்து, ஹெட்டை நேராக இறக்குங்கள். ஒரு மூலை முதலில் இடித்தால் கேஸ்கட் வளையம் நசுங்கும்.

ஹெட்டை வைத்ததும் புஷ் ராடுகளை இறக்கி, அடியில் டேப்பெட் கிண்ணத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். ராக்கர் அட்ஜஸ்ட் ஸ்க்ரூக்கள் அனைத்தையும் முழுதாகத் தளர்த்திவிட்ட பிறகே ராக்கர் தாங்கிகளை வையுங்கள். இதை மறந்துவிட்டு இறுக்கினால் வால்வு பிஸ்டன்மேல் அழுந்தும், இல்லையென்றால் புஷ் ராடு வில்லாக வளையும்.

26 போல்ட்டுகளையும் நடுவிலிருந்து வெளியே சுருள் மாதிரி போகும் வரிசையில் இறுக்குங்கள். முதல் சுற்றில் எல்லாம் 90 நியூட்டன் மீட்டர். அடுத்து ராக்கர் வழியாக வரும் நீளமான ஆறு போல்ட் மட்டும் 120. கடைசியாக 26க்கும் இன்னும் 90 டிகிரி திருப்பம். கோண மீட்டர் வேண்டியதில்லை. போல்ட் தலை அறுகோணம், ஒரு முகம் 60 டிகிரி. ஒன்றரை முகம் திருப்பினால் 90. ஒவ்வொரு தலையிலும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் எது திரும்பியது, எது பாக்கி என்று தூரத்திலிருந்தே தெரியும். பழைய வகை போல்ட்டுகளுக்குக் கோணம் இல்லாமல் மூன்று கட்ட டார்க் முறை இருந்தது. வாங்கிய கேஸ்கட் செட்டில் இருக்கும் தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். ராக்கரின் 8 மி.மீ. போல்ட்டுகளுக்கு 24 நியூட்டன் மீட்டர்.

இன்ஜெக்டருக்குப் புது தாமிர வாஷர் ஒன்றே ஒன்று. கிரீஸ் ஒரு துளி வைத்து வாஷரை நாசிலில் ஒட்டினால் இறக்கும்போது விழாது. நட் 60 நியூட்டன் மீட்டர். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்டுகள் 43.

டேப்பெட்

இன்ஜின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4.

முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவர, கியர் கேஸின் பின்புறம் பம்புக்கு அருகே டைமிங் பின் ஒன்று உண்டு. பின்னை உள்ளே அழுத்தியபடி இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் கேம் கியர் துளையில் அது விழும். நிலை கிடைத்ததும் பின்னை வெளியே இழுத்துவிடுங்கள். அது பிளாஸ்டிக். உள்ளேயே விட்டுவிட்டு செல்ஃப் அடித்தால் முறிந்து கியருக்குள் விழும். பின் ஏற்கெனவே முறிந்திருந்தால் ஆறாவது சிலிண்டரின் ராக்கர்களைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டே இன்லெட் திறக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஒன்றாவது சிலிண்டர் சுடும் நிலையில் மேலே இருக்கிறது.

அந்த நிலையில் இன்லெட் 1, 2, 4, எக்ஸாஸ்ட் 1, 3, 5 ஆகியவற்றை வையுங்கள். முன் புல்லியில் ஒரு கோடு போட்டு, இன்ஜினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இப்போது இன்லெட் 3, 5, 6, எக்ஸாஸ்ட் 2, 4, 6. ஃபீலர் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும், உள்ளே தள்ளும்போது தகடு மடங்கினால் இறுக்கம் அதிகம். பூட்டு நட்டை 24 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய பிறகு ஒருமுறை மறுபடி அளங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே கொஞ்சம் திரும்பியிருக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும், ஹெட்டை இறக்கும்போது சம்ப்பில் தண்ணீர் சிந்தாமல் இருப்பதில்லை. ராக்கர்கள் மேல் ஒரு கப் ஆயில் ஊற்றுங்கள். தண்ணீரைக் கூலன்ட்டோடு கலந்து மெதுவாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்காது. ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் அசைந்த பிறகே டீசல் விடுங்கள். ஏர் எடுக்கும்போது இன்ஜெக்டர் பக்கத்து நட்டைத் தளர்த்துவீர்கள். அங்கே பீறிடும் டீசல்மேல் விரலை வைக்காதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் வண்டி சூடாகாது என்ற நம்பிக்கை பல ஷெட்டுகளில் உண்டு. இந்த இன்ஜினில் நடப்பது நேர்மாறு. தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அது இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், ஏற்றத்தில் பாரத்தோடு போகையில் சூடு ஏறும். பழைய ஹெட் வளைந்ததற்குக் காரணம் இதுவாக இருந்தால், புது தெர்மோஸ்டாட் போடாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

வெறுமையாக அரை மணி ஓடவிட்டு, ஹெட்டின் நான்கு பக்கமும், பிளக்குகளும், டீசல் நட்டுகளும் பாருங்கள். ஆறியதும் தண்ணீர் மட்டத்தைச் சரிபாருங்கள். கோணத்தில் இறுக்கிய ஹெட் போல்ட்டுகளை மறுபடி 'ஒரு பிடி' பிடிக்கக் கூடாது. ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் ஓடிய பிறகு டேப்பெட் இடைவெளியை மட்டும் ஒருமுறை பாருங்கள். புதிதாக வெட்டிய சீட்டில் வால்வு இன்னும் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருக்கும், இடைவெளி குறைந்திருக்கும்.